தோட்டமும் கடைச்சரக்கோ?

சென்ற திங்கள் அன்பர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். நல்ல தமிழுள்ளம் வாய்ந்தவர். தம் மக்கட்கெல்லாம் தூய தமிழ்ப்பெயரே இட்டு மகிழ்ந்தவர். முப்பதாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், சென்னைக்குத் தெற்கே கடலோர மணற்பாங்கான ஊரொன்றில் வீடு கட்டி முடித்திருக்கிறார். வீட்டின் முன்னும் பின்னுமாக ஒரு மனை அளவுக்கு வெற்றிடம் எஞ்சியுள்ளதாம். அதனை என்ன செய்வது என்பதே அவர் கொணர்ந்த வினா. வினாவோடு பளபளப்பான ஏடொன்றும் கொணர்ந்திருந்தார். தோட்டம் அமைத்துத் தரும் வணிக நிறுவனம் ஒன்று அச்சிட்டு வழங்கியது அது. சப்பானியத் தோட்டம், ஆங்கிலத் தோட்டம், இத்தாலியத் தோட்டம், பிரெஞ்சுத் தோட்டம், பாரசீகத் தோட்டம், சீனத் தோட்டம் என ஆறு வண்ணப் படங்கள். ஒவ்வொன்றன் கீழும் ஒரு விலை. “இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது? நீங்களே சொல்லுங்கள், ஐயா” என்றார்.

யாம் அவ்வேட்டை முதலிலிருந்து முடிவுவரை புரட்டிப் பார்த்தோம். புடைவைக் கடையில் கரை பார்த்துத் துணி எடுப்பதுபோல் ஒரு நாட்டின் தோட்டத்தை எடுத்துக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மண் என்ன, நீர் எங்கிருந்து வரும், மழை எத்திங்களில் பெய்யும், நாளும் யார் பேணுவார் என்னும் கேள்விகளுள் ஒன்றுகூட அவ்வேட்டில் இல்லை. தமிழ்த்தோட்டம் அதில் இடம்பெறாமை குறித்து யாம் சினக்கவில்லை, அன்பர்களே! அதில் சப்பானியத் தோட்டமும் இல்லை. ஆங்கிலத் தோட்டமும் இல்லை. உரித்த தோல்களே ஆறு உள்ளன. உயிர் அவ்வந்நாட்டு மண்ணிலேயே கிடக்கின்றது. எவ்வாறு என்று சொல்கிறோம். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

பிரெஞ்சுத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைக்காட்டு வெர்சாய் அரண்மனைத் தோட்டம். பதினான்காம் இலூயி மன்னனுக்காக ஆந்திரே இலெ நோத்ரு என்பவன் 1660-களில் அமைக்கத் தொடங்கியது. நூல்பிடித்தாற்போல் நேர்ப்பாதைகள், கத்தரித்த வேலிகள், கண்ணுக்கெட்டும் தொலைவுவரை விரியும் நீர்நிலைகள், எங்கு நோக்கினும் விசைநீர்த் தாரைகள். அரசன் ஆணையிட்டால் மரமும் வரிசையில் நிற்கும் என்று உலகுக்குக் காட்டவே அது கட்டப்பட்டது. அத்தோட்டத்தின் எல்லையை அகற்றுவதற்காகத் திரியனான் என்னும் சிற்றூரை வாங்கி இடித்துத் தரைமட்டமாக்கினர்.

ஊரை அகற்ற முடிந்த மன்னனுக்கு நீரைக் கொணர முடியவில்லை. வெர்சாய் மேட்டுநிலம், அருகில் பேராறு இல்லை. சேன் ஆற்றில் 14 பெரிய உருளைகள் பூட்டிய பொறியொன்றை நிறுவி, ஏறத்தாழ 500 அடி உயரத்துக்கு நீரை ஏற்றினர். 1684-இல் அப்பொறி இயங்கத் தொடங்கியது. அதன் இரைச்சல் நெடுந்தொலைவு கேட்குமாம். அவ்வளவு செய்தும் தாரைகளெல்லாம் ஒருசேர நாளெல்லாம் பாய நீர் போதவில்லை. மன்னன் உலாவரும்போது, அவன் அணுகும் தாரையைத் திறந்துவிட்டு, அவன் கடந்தவுடன் அதனை அடைத்து அடுத்ததைத் திறப்பதற்கு ஏவலர் ஊதல் ஒலி எழுப்பி ஒருவர்க்கொருவர் குறிப்பறிவித்தனர். முகப்பிலே பேரரசு, புதருக்குப் பின்னே குழாயைத் திருகிக்கொண்டு ஓடும் பையன்கள்! அதனோடு அமையாமல் 1685-இல் ஏர் என்னும் ஆற்றையே வெட்டிக் கொணரும் வேலையைத் தொடங்கினர். ஏறத்தாழ 30,000 படைஞரை மண் வெட்டவும் கல் சுமக்கவும் ஏவினர். காய்ச்சல் கண்டு அவருள் மாண்டோர் மிகப் பலர். 1688-இல் போர் மூண்டது, வேலை நின்றது. அந்நீர்ப் பாலத்தின் இடிந்த வளைவுகளை மேந்தனோன் என்னும் ஊரில் இன்றும் காணலாம். ஏர் ஆற்றின் நீர் ஒரு துளியும் வெர்சாயை அடையவில்லை.

இதனைத்தான் அவ்வேடு ‘செவ்விய ஒழுங்கமைப்பு’ என்று ஒரு வரியில் எழுதி விலையிட்டுள்ளது. ஒரு மனையில் நான்கு கத்தரித்த செடியும் நடுவில் மின்விசையால் நீர் சுழற்றும் பைஞ்சுதைத் தொட்டியும் வைத்துவிட்டால் வெர்சாய் ஆகிவிடுமாம்!

ஆங்கிலத் தோட்டத்துக்கு வருவோம். நம்மவர் உள்ளத்தை ஆழப் பற்றியிருப்பது அதுவே. ஆகையால் இங்குச் சற்று நின்று பேச வேண்டும். பிரெஞ்சு ஒழுங்கை வெறுத்து, இயற்கைபோல் தோன்றுமாறு தோட்டம் அமைப்போம் என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெருநிலக் கிழார்கள் கிளம்பினர். அவர்தம் கைவண்ணக்காரன் இலான்சலட்டு பிரௌன் (1716–1783). ஏற்றமும் இறக்கமுமான பச்சைப் புல்வெளி, வளைந்து கிடக்கும் ஏரி, ஆங்காங்கே மரக்கூட்டம் என்பது அவன் பாங்கு. வீட்டிலிருந்து நோக்கினால் வேலி தெரியக்கூடாது. ஆனால் ஆடுமாடு வீட்டருகே வரவும் கூடாது. ஆகவே வேலிக்கு மாற்றாகக் கண்ணுக்குப் புலப்படாத பள்ளம் ஒன்றை வெட்டி வைத்தனர். ஆம், அப்புல்வெளி ஆடு மேயும் மேய்ச்சல் நிலம். ஆட்டின் மயிர் அந்நாட்டின் செல்வம். ஆங்கிலேயன் தன் மேய்ச்சற்காட்டை அழகுபடுத்தி வீட்டு வாயில்வரை கொணர்ந்தான். நாம் ஆட்டை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் இறக்குமதி செய்தோம்!

அவ்வியற்கைத் தோற்றத்துக்கு அங்குக் கொடுத்த விலையும் உண்டு. தார்செட்டு நாட்டுப்புறத்தில் மில்தன் என்னும் பெருமகன், தன் மாளிகையின் பார்வைக்கு ஒரு பழைய ஊர் இடையூறாயிருந்தது கண்டு, அவ்வூரையே அகற்ற முற்பட்டான். ஆண்டுகள் பலவாக, வீடு வீடாக இடித்துத் தள்ளினான். எஞ்சிய மக்களுக்குப் பார்வைக்கு மறைவான பள்ளத்தாக்கில் 1780-ஐ ஒட்டி வரிசை வீடுகள் கட்டித் தந்தான். அதுவே இன்றைய மில்தன் ஆப்பசு என்னும் சிற்றூர். வெளியேற மறுத்த வழக்கறிஞர் ஒருவர் வீட்டைச் சுற்றி நீரைத் திறந்துவிட்டான் என்றும், அவர் வழக்காடி வென்றார் என்றும் அங்குச் சொல்வர். பழைய ஊர் இருந்த இடத்தில் இப்போது புல்லும் நீரும் உள்ளன. சுற்றுலாவினர் படம் எடுத்துச் செல்கின்றனர். நூனம் கோர்ட்டினே என்னும் ஊருக்கும் 1760-களில் இதே கதி. ஆலிவர் கோல்டுசுமித்து என்னும் பாவலன் கைவிடப்பட்ட சிற்றூரைப் பற்றி 1770-இல் பாடிய நெடும்பாட்டு இத்தகைய அழிவுகளைக் கண்டு வெதும்பியே எழுந்தது. ஆங்கிலப் பள்ளிகளில் அப்பாட்டைப் படித்த நம் நாட்டுப் பட்டந்தாங்கிகள், அதே கையால் அதே புல்லுக்கு நீர் பாய்ச்சுகின்றனரே, இதனை என்னென்பது!

“அங்கே புல் தானாகப் பச்சையாய் நிற்கிறதே, இங்கு ஏன் நிற்காது?” என்று கேட்பர் சிலர். கணக்கைப் பாருங்கள். இலண்டனில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 24 விரலம் (அங்குலம்). சென்னையில் பெய்வது ஏறத்தாழ 55 விரலம். நம் மழை அவர் மழையினும் இருமடங்குக்கு மேல்! வேறுபாடு அளவில் இல்லை. பெய்யும் முறையில் உள்ளது. அங்குப் பன்னிரு திங்களும் தூறல், மங்கிய வெயில், மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் குறைவு. இங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு, பின்னர்த் திங்கள் கணக்கில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும், கதிரவனோ எரிப்பான். மரம்போல் வேர் ஆழம் போகாத புல்லை அவ்வெயிலில் பச்சையாய் நிறுத்த வேண்டின், நாள்தோறும் நிலத்தடி நீரை உறிஞ்சி மேலே தெளித்தாக வேண்டும். ஆல் நிற்கும், வேம்பு நிற்கும், புன்னை நிற்கும். அவை ஆழத்தில் தேடிக்கொள்ளும். புல்லுக்கு அந்தத் திறம் இல்லை.

புல்வெளி வீட்டுவீடாகப் பரவியதற்கு ஒரு பொறியும் துணை. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் செதுக்கும் ஆலைப் பொறியைக் கண்டு, எட்வின் பட்டிங்கு என்பவன் 1830-இல் புல்வெட்டும் பொறியை ஆக்கினான். அதுவரை அரிவாளும் ஆடும் வேண்டியிருந்த வேலையை அப்பொறி எளிதாக்கிற்று. அமெரிக்கர் அதனைத் தலைமேற்கொண்டனர். அந்நாட்டு வான்வெளி ஆய்வு நிறுவனத்தினர் 2005-இல் வெளியிட்ட கணக்கின்படி, குறைத்து மதிப்பிட்டாலும் அமெரிக்கப் புல்வெளிகளின் மொத்தப் பரப்பு 1,28,000 சதுரக் கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000. ஆண்டுதோறும் ஒரு தமிழ்நாடு அளவு நிலத்துக்கு எதையும் விளைவிக்காமல் நீரும் உரமும் நஞ்சும் இட்டு, வளர்த்து, வெட்டி, குப்பையில் கொட்டுகின்றனர்! நீர் பாய்ச்சி விளைவிக்கும் எந்தத் தனிப்பயிரும் அந்நாட்டில் அவ்வளவு இடம் கொண்டதில்லை. இப்போது அவர்க்கே கண் திறந்துள்ளது. நெவாடா மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றியது. அம்மாநிலத்தின் தென்பகுதியில், எவரும் கால் வைக்காமல் சாலை நடுவிலும் அலுவலக முகப்பிலும் வெறும் பார்வைக்காகக் கிடக்கும் புல்வெளிகளுக்குக் கொலராடோ ஆற்றுநீரை 2026 முடிவுக்குப் பின் பாய்ச்சக்கூடாது என்பது அச்சட்டம். அவன் தூக்கி எறிவதை நாம் விலைகொடுத்து வாங்கி வீட்டு வாயிலில் விரிக்கின்றோம்.

சென்னைவாழ் அன்பர்களே! 2019-ஆம் ஆண்டுக் கோடையை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். நகருக்கு நீர்தரும் ஏரிகள் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. குடத்தோடு பெண்டிர் நள்ளிரவிலும் தெருவில் காத்து நின்றனர். சூலை 12-இல் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் 25 இலக்கம் இலிட்டர் நீர் வந்திறங்கியது. சோலையின் பெயர் தாங்கிய ஊர் தன் நீரைத் தந்தது. புல்வெளி வளர்த்த நகர் அதைக் குடித்தது! அக்கோடையிலும் சில மதில்களுக்குள்ளே தெளிப்பான் சுழன்றுகொண்டிருந்ததை எம் கண்ணால் கண்டோம். மதிலின் வெளிப்புறம் குடங்கள் வரிசையாக நின்றன.

இந்தப் புல்லைப் பற்றி இன்னொன்று. நாற்றுக் கடைகளில் ‘பெர்முடா புல்’ என்று பெயர் சொல்லிப் பாய்போல் சுருட்டி விற்கின்றனரே, அஃது எவ்வினம் தெரியுமா? நம் அருகம்புல் இனமே! உழவன் வயலில் களையெனக் கொத்தி வரப்பில் எறிவதும், ஊர்ப்பிள்ளையாருக்குச் சாத்துவதுமான அதே அருகுக்கு அயற்பெயர் சூட்டிச் சதுர அடிக் கணக்கில் விலையிடுகின்றனர். ‘இட்சோரா’ என்று தொட்டியில் வைத்து விற்பது, பழந்தமிழ் மறவன் ஆநிரை கவரச் செல்லுங்கால் சூடிய வெட்சி. ‘பண்டானசு’ என்பது தாழை. ‘குளோரியோசா’ என்பது செங்காந்தள்; தமிழ்நாட்டரசின் அடையாள மலர்! பெயர் மாறினால் விலை ஏறுகிறது. வாங்குபவனுக்கோ தன் பாட்டி அறிந்த செடியே அயற்செடியாய்த் தோன்றுகிறது.

சப்பானியத் தோட்டம் எனப்படுவது பற்றி. கியோத்தோ நகரில் இரியோவான்சி என்னும் புத்தக் கோயிலில் ஒரு கல்தோட்டம் உண்டு. வெண்சரளை பரப்பிய நீள்சதுர முற்றம். அதில் பாசி படர்ந்த திட்டுகளில் 15 கற்கள். திண்ணையில் எங்கமர்ந்து நோக்கினும் ஒரு கல்லாவது மற்றொன்றன் பின் மறையும். அதை யார் அமைத்தார் என்பதில் அறிஞர்க்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. அச்சரளையில் கோடு கிழிப்பது துறவியரின் அன்றாடப் பணி. அவர்க்கு அப்பணியே ஊழ்கம். சுற்றிலும் அடர்ந்த மரம். ஈரம் செறிந்த காற்று. அதே நகரில் சைகோசி என்னும் கோயிலின் பாசித்தோட்டமோ இன்னும் வியப்பானது. பேணுவாரற்றுக் கிடந்த காலத்தில் ஈரமண்ணில் பாசி தானே படர்ந்து மூடியது. ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் அங்குள்ளன என்பர். மழை செய்த தோட்டம் அது. எந்த நிறுவனமும் ஒப்பந்தம் எடுக்கவில்லை. அதைப் பார்த்து இங்கே சித்திரை வெயிலில் வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டி வைத்தால் என்னாகும்? நண்பகலில் கால் வைக்க முடியாது. இரவிலும் சுவர்வழி வெப்பம் வீட்டுக்குள் இறங்கும். பக்கத்தில் புத்தர் தலையொன்றைப் பைஞ்சுதையில் வார்த்து வைக்கின்றனர். அவர் முகத்தில் மட்டும் அமைதி குடிகொண்டிருக்கும்.

இத்தாலியத் தோட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. திவோலியில் எசுத்தே மாளிகைத் தோட்டம், பதினாறாம் நூற்றாண்டில் ஒரு மலைச்சரிவில் அமைந்தது. ஆனியெனே ஆற்றை மேலிருந்து திருப்பி, பொறி எதுவுமின்றி நிலச்சரிவின் விசையாலேயே நூற்றுக்கணக்கான தாரைகளை எழச் செய்தனர். மலையும் ஆறும் உள்ளவனுக்கு அது சரி. சமநிலத்து மணலில் வீடு கட்டியவனுக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பாரசீகத் தோட்டத்தை யாம் மதிக்கிறோம். அது வெயிலை அறிந்தவன் அமைத்த தோட்டம். மலையடியில் ஊறும் நீரை நிலத்துக்கடியிலேயே கால்வெட்டிக் கல் கணக்கில் கொணர்ந்து, மதிலுக்குள் நான்கு பாத்தியாகப் பகுத்து, பழமரமும் நிழலும் உண்டாக்கினர். சைரசு மன்னன் பசர்கதேயில் அமைத்த தோட்டத்துக் கல்வாய்க்கால்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. மதில் சூழ்ந்த இடம் என்னும் பொருள்தரும் பழைய ஈரானியச் சொல்லே மேலை மொழிகளில் துறக்கத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. 2011-இல் ஈரானின் ஒன்பது தோட்டங்களை உனெசுக்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பாங்கு வடநாட்டுக்கு வந்தது பாபர் வழியே. ஆக்ராவில் தாசுமகாலின் முன்னுள்ள நாற்பாத்தித் தோட்டம் அவ்வழியினதே. ஆனால் இன்று நாம் காண்பது அதன் பழைய கோலமன்று. அடர்ந்து நின்ற மரங்களை நீக்கி ஆங்கிலப் புல்வெளியை அங்கு விரித்தது கர்சன் ஆட்சிக்காலத்துத் திருத்தம் (1899–1905). நிழலும் கனியும் இருந்த இடத்தில் புல்! ஆள வந்தவன் தன் ஊர் மேய்ச்சலைப் பிறன் கல்லறை முன்னும் பரப்பிவிட்டுப் போனான். படத்தில் அழகாயிருக்கிறது என்று நாம் அதைத்தான் ‘முகலாயத் தோட்டம்’ என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இனி, இத்தோட்டங்களை ஆக்கிய பேராசான்களையே கேட்போம். பதினோராம் நூற்றாண்டில் எழுந்த ‘சாகுதெய்கி’ என்னும் சப்பானிய நூல், நிலத்தின் கிடப்பையும் நீரின் போக்கையும் கல்லின் வேண்டுகையையும் அறிந்து செய்க என்கிறது. சீனத்தில் சி செங்கு என்பவர் 1630-களில் எழுதிய ‘யுவான் யே’ என்னும் நூல், தோட்டத்துக்கு நிலைத்த அளவுவாய்பாடு இல்லை. இடத்தைத் தழுவிச் செல்வதும் சுற்றுப்புறக் காட்சியைக் கடன்பெறுவதுமே கலை என்கிறது. ஆங்கிலப் பாவலன் போப்பும் 1731-இல் இடத்தின் உயிர்ப்பையே முதலில் வினவ வேண்டும் என்றுதான் பாடினான். மூன்று நாட்டார், மூன்று மொழியார், ஒருவரை ஒருவர் அறியாதவர். ஒரே சொல்லைச் சொல்கின்றனர். பாங்கைக் கடையில் தெரிந்தெடு என்று அவருள் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே, சப்பானியனைப் போல் தோட்டம் வைக்க விரும்புபவன் சப்பானியத் தோட்டம் வைக்கக்கூடாது. தன் மண்ணைக் கேட்டு வைக்க வேண்டும்.

“அப்படியாயின் அயற்செடியே ஆகாதோ?” என்று குறுக்கே கேட்பார் உளர். அப்படிச் சொன்னால் எம் வீட்டுக் குழம்பில் மிளகாய் இராது. மிளகாயும் கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கப் பிறப்பினவே. அவை வந்தன, உழைத்தன, மண்ணுக்கும் அடங்கின. வெறும் கண்ணழகுக்கென்று கொணர்ந்தவை செய்ததைப் பாருங்கள். தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளத்தழகுக்காக வங்கத்துக்கு வந்த வெங்காயத் தாமரை, இன்று நம் ஏரிகளையும் கால்வாய்களையும் மூச்சடைக்க மூடிக் கிடக்கிறது. வேலியழகுக்காக வந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டில் புல்லை அழித்து, மானையும் யானையையும் பட்டினி போடுகிறது. ஆண்டுதோறும் பிடுங்கியும் அது தீர்ந்தபாடில்லை. அழகென்று ஒருவன் தொட்டியில் வைத்தது, பிறர் குளத்தில் போய் முடிகிறது.

நம் மொழியே இவ்வகையில் நமக்குப் போதிய அறிவைச் சேர்த்து வைத்துள்ளது. கொங்கு நாட்டுக்குச் சென்று பாருங்கள். கிணற்று நீர் பாயும் நிலத்தையே அவர் தோட்டம் என்பர். வானம் பார்த்த நிலத்தைக் காடு என்பர். ஆற்றுநீர் பாய்வது வயல். நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் அவர்க்கு நிலத்தின் பெயரையே சொல்ல வராது! மரம் செறிந்தால் தோப்பு. இயல்பாய் அடர்ந்தால் சோலை. வீட்டின் பின்னே புழங்கும் நீர் பாய்வது கொல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்துக்கே செடியின் பெயரையிட்ட இனம் நம்முடையது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் ஒரே தொடராக வரும். அவற்றுள் பத்தை நேரில் பார்த்து இன்னதென்று சொல்லவல்ல தமிழாசிரியர் ஊருக்கு ஒருவர் உளரா? வெட்கத்தோடு சொல்கிறோம், எமக்கும் பாதிக்கு மேல் தெரியாது.

இங்கு நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை. சில விடுதிகளில் உடைந்த வண்டிச் சக்கரம் ஒன்றையும், ஓர் உரலையும், நீரில்லாப் பொய்க்கிணறு ஒன்றையும் வைத்து ‘மரபுத் தமிழ்த் தோட்டம்’ என்று பலகை மாட்டத் தொடங்கியுள்ளனர். சுற்றிலும் அதே புல். அடுத்த பதிப்பில் அவ்வணிக ஏட்டில் ஏழாவது படமாக அது வந்தாலும் வரும். நம் அன்பர்களும் மகிழ்ந்து வாங்குவர். அதுவும் உரித்த தோலே.

அன்பர் இவ்வளவும் கேட்டு முடித்து, “சரி ஐயா, நான் என்ன வைப்பது?” என்றார். ஏட்டை மூடச் சொன்னோம். வருகிற மழையில் ஒருநாள் குடையோடு வெளியே நின்று, மாடி நீர் எங்கு விழுகிறது, எப்பக்கம் ஓடுகிறது, எங்குத் தேங்குகிறது என்று பார்த்து வரச் சொன்னோம். தேங்கும் இடத்தில் குழி தோண்டிச் சரளை நிரப்பினால் அந்நீர் கிணற்றுக்கு இறங்கும். குளியலறை நீர் வெளியேறும் வாயில் நான்கு வாழை. அதையடுத்துக் கருணையும் மஞ்சளும். மேற்கே மாலை வெயில் தாக்கும் சுவருக்கு முன் ஒரு வேம்பு. இடம் விட்டு நட வேண்டும், இல்லையேல் பத்தாண்டில் சுவர் பேசும். கடற்காற்று வீசும் கிழக்குப் பக்கம் புன்னை. உப்புக்காற்றைத் தாங்கி மணலில் நின்று நிழல் தருவதில் அதற்கு இணையில்லை. நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் அது சும்மா வரவில்லை. வேலியோரம் வெட்சியும் பவழமல்லியும். பின்புறம் முருங்கை, கறிவேம்பு, ஓர் அவரைப் பந்தல். நடுவில் பிள்ளைகள் ஓடியாட மணலை மணலாகவே விட்டுவிடலாம். நாளும் பெருக்கித் தெளித்தால் போதும். அவருடைய துணைவியார்க்குப் புல்வெளியில் பெருவிருப்பமாம். அது குறித்து அவரோடு பேச வரும் ஞாயிறன்று யாமே செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம், வெற்றி உறுதியில்லை.

எம் கொல்லையில் தொட்டியில் வளர்த்த புன்னைக் கன்றுகள் ஆறு உள்ளன. இரண்டை அவருக்கென ஒதுக்கி வைத்தாயிற்று. புரட்டாசியில் முதல் மழை விழுந்தபின் வந்து எடுத்துச் செல்வார். எஞ்சிய நான்கும் கடலோரத்தில் மனையுள்ள அன்பர்க்கு, விலை இல்லை, நேரில் வந்து பெறுக.